ஆன்டிவைரஸ் கத்தினால்: கேள்வி-பதில்

கேள்வி: பில்லிங் மென்பொருளின் புது அப்டேட்டை, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பிடித்து வைத்துக்கொண்டது. மீட்பது எப்படி?

விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரிக்குப் போனால் ரெஸ்டோர் இருக்கும். அதை அழுத்துவதற்கு முன் எச்சரிக்கையின் பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். ஆச்சரியக்குறி போட்டு ‘எம்எல்’ என்று முடிந்தால் அது இயந்திரக் கற்றலின் ஊகம்; தெரிந்த வைரஸ் ஒன்றோடு அப்படியே பொருந்தியது என்று அர்த்தமில்லை. மீட்ட ஃபைலை உடனே திறக்காதீர்கள். 7-ஜிப் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருள் இருந்தால், ஃபைலின் கைரேகை போன்ற ஷா-256 குறியீட்டை ரைட் கிளிக்கிலேயே எடுக்கலாம். தயாரித்தவரிடம் கேட்டு, 64 எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் மூன்று என்ஜின் மட்டும் சிவப்பு. பயப்பட வேண்டுமா?

எந்த மூன்று என்று எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? எழுபது சொச்சத்தில், பெயரே கேள்விப்படாத மூன்று ‘ஜெனரிக்’ என்று பொதுவாகச் சொன்னால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கைதான். மூன்று பெரிய நிறுவனங்கள் ஒரே வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் தொடாதீர்கள். இன்னொன்று: அங்கே ஏற்றும் ஃபைல் மற்ற பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் போகும். வாடிக்கையாளர் கணக்கு உள்ள எக்செலை ஏற்றாதீர்கள்.

கேள்வி: விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்யும் கருவியை வைரஸ் என்கிறது. தவறான எச்சரிக்கைதானே?

இல்லை. அழித்துவிடுங்கள்.

கேள்வி: ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்று மென்பொருள் கொடுத்தவர் எழுதியிருந்தார். தொல்லையே வேண்டாம் என்று சி டிரைவ் முழுவதையும் எக்ஸ்க்ளூஷனில், அதாவது ஆன்டிவைரஸ் பார்க்காமல் விடும் பட்டியலில், போட்டுவிட்டேன். சரிதானே?

சரியில்லை. இன்றைக்கே எடுங்கள். போன வருடம் ஒரு சிறிய அலுவலகத்துக் கணினியைப் பார்க்கப் போனேன். எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சி டிரைவ், டவுன்லோட்ஸ், டெம்ப். மூன்று ஆண்டுக்கு முன் மென்பொருள் போட வந்தவர் சேர்த்தது. அப்புறம் யாரும் எடுக்கவில்லை. டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டிருந்தது. கணக்கு ஃபைல் ஒவ்வொன்றின் வாலிலும் புரியாத ஓர் எக்ஸ்டென்ஷன். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். பேக்கப் இல்லை.

‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு’ என்ற அந்த ஒரு வரியை எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். தன் ஃபைலை டிஃபெண்டர் தவறாகப் பிடிக்கிறது என்று தெரிந்தால், மைக்ரோசாஃப்ட்டுக்கு அதை அனுப்பித் திருத்தச் சொல்ல வேண்டியது தயாரித்தவர் வேலை. அதற்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது, காசு கிடையாது. ஃபைல் யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது. விலக்கு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் கொடுங்கள். டிரைவுக்கு வேண்டாம், டவுன்லோட்ஸுக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கையொப்பம் இருந்தால் நம்பிவிடலாமா?

முழுசாக முடியாது. 2017-ல் கணினியைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு முறையான கையொப்பத்தோடு, அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, உள்ளே வைரஸோடு வந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இறங்கியது.

கேள்வி: நான் எழுதிய பைத்தான் நிரலை பைஇன்ஸ்டாலரில் இஎக்ஸ்இ ஆக்கினால் வைரஸ் என்கிறதே?

வைரஸ் எழுதுகிறவர்களும் அதே பைஇன்ஸ்டாலரைத்தான் பயன்படுத்துகிறார்கள். முன்பகுதி ஒன்றுபோல இருப்பதால் சந்தேகம் உங்கள் மேலும் விழுகிறது. இஎக்ஸ்இயைச் சுருக்கும் யுபிஎக்ஸைத் தவிருங்கள், ஒற்றை ஃபைலாக ஆக்காமல் ஃபோல்டராகக் கொடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி: விண்டோஸின் சொந்த ஃபைலையே வைரஸ் என்று சொல்லுமா?

சொல்லும். 2010 ஏப்ரல் 21-ல் மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-ல் எஸ்விசிஹோஸ்ட் என்ற முக்கிய சிஸ்டம் ஃபைலை வைரஸ் என்று பிடித்தது. ஆயிரக்கணக்கான கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. அதனால் சிஸ்டம் ஃபைல் பெயரில் எச்சரிக்கை வந்தால் டிலீட் கொடுக்காதீர்கள்; அழிக்காமல் தனியே அடைத்து வைக்கும் குவாரன்டைன் மட்டும். ஒரு நாள் பொறுத்து, புது அப்டேட் போட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.