சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?

பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரில் ஏறினால் அதே நாள் மாலை ஆறரைக்கு நியூயார்க்கில் இறங்கலாம் என்று டிக்கெட்டில் இருக்கிறதே, ஆறரை மணி நேரம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இருந்தால் மாதம் ஒருமுறை மகளைப் பார்த்துவிட்டு வருவேன்! உண்மையில் பதினெட்டரை மணி நேரம். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, குளிர்காலத்தில் 13. அந்த வித்தியாசம்தான் பயணத்தை விழுங்கிவிடுகிறது.

திரும்பும்போது வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டும். வெள்ளி இரவு பத்தரைக்குக் கிளம்பினால் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவது ஞாயிறு விடியற்காலை. முதல் தடவை நான் இதைக் கவனிக்காமல் மச்சானிடம் சனிக்கிழமை என்று சொல்லிவிட்டேன். காலை ஐந்து மணிக்கே வந்து காத்திருந்திருக்கிறார். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். சில தளங்களில் 9,500 மைல் என்றும் சிலவற்றில் 8,300 மைல் என்றும் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டாவது கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கி.மீ.

இந்தத் தூரம் எந்த வழியாக என்று தெரிய வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் வரைபடம் ஆப்பிரிக்கா வழியைக் காட்டும். நூலோ நேரே வடக்கே ஏறி, சீனா, மங்கோலியா, பைக்கால் ஏரிக்குச் சற்று மேற்கே சைபீரியா என்று போய், வட துருவத்தை ஒட்டித் திரும்பி, கனடாவின் மான்ட்ரியல் பக்கமாக நியூயார்க்கில் இறங்கும்.

ஆனால் விமானம் நூல் பிடித்துப் போவதில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் இருக்கிறது. அது முதுகில் தள்ளினால் சுற்றுவழியே லாபம். அதனால் போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலே பறப்பார்கள். திரும்பும்போது பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழி. இரண்டுமே கிழக்கு நோக்கித்தான், அதாவது போய்வந்தால் பூமியையே ஒரு சுற்றுச் சுற்றியாயிற்று. தூரத்தை வேகத்தால் வகுத்துத் தளங்கள் காட்டும் மணிக்கணக்கு முன்னேபின்னே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிவு செய்யுமுன் ஒன்று. இந்த நேரடி விமானத்தில் (ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நெடுந்தூரம் பறப்பதற்கான வகை) எகானமி வகுப்பே கிடையாது. 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் சுமக்கக்கூடிய விமானம் என்பதால் மொத்தமே 161 இருக்கைகள்தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. கட்டணமும் அதற்கேற்பத்தான். எகானமிதான் வேண்டுமென்றால் பிராங்க்பர்ட்டில் நின்று போகும் விமானத்தைப் பாருங்கள். சில மணி நேரம் கூடும், ஆனால் நடுவில் இறங்கிக் காலை நீட்டலாம். முட்டிவலிக்காரனான எனக்கு அதுதான் சரிப்படுகிறது.