கிளாம்ஸ் கோட்டையின் காலி இருக்கை

அன்புள்ள ஐயா,

மகள் எடின்பரோவில் படிக்கிறாள். அவளோடு ஸ்காட்லாந்தின் கிளாம்ஸ் கோட்டைக்குப் போயிருந்தேன். ரகசிய அறை, அதில் அடைத்துவைத்திருந்த விகாரமான பிள்ளை, சூனியக்காரி என்று எரிக்கப்பட்ட சீமாட்டியின் ஆவி என்று ஏகப்பட்ட கதைகள் கேட்டோம். நீங்கள் பேயை நம்புகிறீர்களா? இவற்றில் ஏதாவது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரகசிய அறையை விடுங்கள், 19ஆம் நூற்றாண்டில் ஊதிப் பெருக்கிய கதை அது. பேய் உண்டா இல்லையா என்பதும் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. சூனியக்காரி.

எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! அவள் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே. ஜேனட் டக்ளஸ், கிளாம்ஸின் சீமாட்டி. 1537 ஜூலையில் எடின்பரோ கோட்டைக் குன்றில் உயிரோடு எரித்தார்கள். அவள்மேல் சாட்டியது ராஜத்துரோகம். அரசன் ஐந்தாம் ஜேம்ஸுக்கு விஷம் வைக்கத் திட்டமிட்டாளாம். ஸ்காட்லாந்தில் சூனியத்துக்கு எதிரான சட்டமே 1563இல்தான் வந்தது, அவளைச் சாம்பலாக்கி 26 வருடம் கழித்து. அரசனின் தாயை மணந்திருந்த அங்கஸ் பிரபு ஜேனட்டின் அண்ணன். சின்னப் பையனாக இருந்த அரசனைத் தன் பிடியிலேயே வைத்திருந்தவர். அதனால் அரசனுக்கு வந்த வன்மம் தங்கையின் தலையில் விடிந்தது. வேலைக்காரர்களை வதைத்துச் சாட்சி வாங்கினார்கள். அவள் கணவர் சிறையிலிருந்து தப்பும்போது விழுந்து செத்தார். மகனையும் சிறையில் போட்டார்கள். 1542இல் அரசன் செத்த பிறகுதான் அவனுக்கு விடுதலை. கிளாம்ஸை அரசனே எடுத்துக்கொண்டான்.

கொன்றவன்கூடச் சுமத்தாத பழி இது. கதை சொன்னவர்கள் சுமத்தினார்கள், நீங்களும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். எரிக்கப்பட்டவள் பெண் என்றால் அந்தச் சொல் தயாராக நிற்கிறது. கணவர் போன பிறகு நிலத்தை விட்டுத்தர மறுத்த என் பெரியம்மாவையும் ஊர் அப்படித்தான் சொன்னது. ஒருநாள் திண்ணையில் இருந்தபடி அவள் நீட்டிய முறுக்கை வாங்காமல் ஓடினேன். ஏழு வயது. திரும்பிப் பார்த்தபோது கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

உங்களைக் கடிந்துகொண்டது அதனால்தான். வருத்தப்படாதீர்கள். என்னைப்போல் நீங்களும் கேட்டதைத்தான் சொன்னீர்கள்.

சரி, அந்தக் கோட்டையின் சிற்றாலயத்துக்குள் போனீர்களா? தொப்பி போட்ட இயேசுவை வரைந்திருப்பார்களே, அங்கே. ஓர் இருக்கையை ஜேனட்டுக்கென்று காலியாக விட்டிருக்கிறார்கள். அந்த ஓவியங்கள் 1688இல் தொடங்கியவை. அவள் இறந்து 150 வருடத்துக்குப் பிறகு. உயிரோடு இருந்தபோது அவள் பார்த்தே இராத ஆலயம் அது. ஆனாலும் யாரோ அவளுக்கு அங்கே இடம் போட்டுவைத்தார்கள். அந்தக் கதையை மட்டும் நான் விட்டுத்தர மாட்டேன்.

நான் போயிருந்த அன்று ஒரு சிறுமி அதில் உட்காரப் போனாள். பாட்டி கையைப் பிடித்து, “அங்கே ஒருத்தர் இருக்காங்க” என்றாள். சிறுமி அந்த இருக்கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் தள்ளி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.