சைக்கிளில் சுற்றும் காற்றாடி: வாத்தைத் திருத்துவதும் ஓலையில் புதிதாகச் செய்வதும்

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். மகளின் சைக்கிள் ஹான்டிலில் தலைக்கவசம் போட்ட மஞ்சள் வாத்துப் பொம்மை ஒன்று பூட்டியிருக்கிறார்கள். அதன் தலைமேல் இருக்கும் சின்னக் காற்றாடி இப்போது சுற்றுவதில்லை. அதைத் திருத்த முடியுமா, இல்லாவிட்டால் பனையோலையில் ஒன்று செய்து பூட்டலாமா, அதையே தன் மோட்டார் சைக்கிளிலும் போடலாமா என்று கேட்கிறார்.

திருத்தலாம். ஓலையிலும் செய்யலாம், என்னைக் கேட்டால் அதுதான் நல்லது. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் அதே அளவில் வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கொக்குவில் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பதால் இந்த வேலை என்னிடம் அடிக்கடி வரும். பள்ளிக்கூடம் விட்டு ரயருக்குக் காற்றடிக்க வருகிற பிள்ளைகள் பலரின் ஹான்டிலில் ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டே வரும். அது நின்றுபோனால் அந்த முகங்கள் வாடிவிடும். அதனாலேயே இந்த வேலைக்கு நான் நேரம் ஒதுக்குவேன்.

முதலில் வாத்து. காற்றாடி சுற்றும் ஊசியில் அழுக்கு ஏறியிருக்கும், அல்லது வாத்து முன்னுக்குச் சாய்ந்திருக்கும். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். நம் பக்கத்துத் தூசி சுண்ணாம்புக்கல் தூசி, மெல்லியது. கடற்காற்றின் உப்பு ஈரம் அதோடு சேர்ந்தால் ஊசியை இறுக்கிப் பிடித்துவிடும். காற்றாடியை மெதுவாக மேலே இழுத்துக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவையுங்கள். தேங்காயெண்ணெய் விடவேண்டாம். அன்றைக்கு நன்றாகச் சுற்றும், ஆனால் அந்த எண்ணெயே தூசியை இழுத்துச் சேர்த்துவிடும். அதற்குப் பதிலாக 2பி போன்ற மென்மையான பென்சிலின் முனையைச் சுரண்டி, அந்தத் தூளைத் துளைக்குள் போடுங்கள். பென்சில்கரி உலர்ந்த நிலையிலேயே வழுக்கும், தூசியும் அதில் ஒட்டாது. நம் நாட்டில் போகல சுரங்கத்தில் தோண்டி எடுப்பதும் இந்தப் பென்சில்கரியைத்தான்.

சாய்வைப் பலர் கவனிப்பதில்லை. வாத்தின் காற்றாடி தலைக்கு மேலே படுத்த நிலையில் இருக்கிறது. எதிரே வரும் காற்று அதன் விளிம்பில் மோதிப் போய்விட்டால் சுற்ற வழியில்லை. வாத்தைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தால் காற்று கீழிருந்து மேலாக இதழ்களுக்குள் புகும், காற்றாடி ஓட ஆரம்பிக்கும். ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியெர்வா 1923இல் பறக்கவிட்ட ஓட்டோஜைரோ விமானத்தின் தத்துவமும் இதேதான். பறக்கும்போது அதன் தலைமேல் உள்ள பெரிய விசிறியை எஞ்சின் சுற்றுவதில்லை. எஞ்சின் விமானத்தை முன்னுக்கு இழுக்கும், பின்சாய்ந்து நிற்கும் விசிறியை எதிர்க்காற்றே சுற்றும். உங்கள் வாத்து குண்டு குழிகளில் குலுங்கிக் குலுங்கி முன்னுக்குச் சாய்ந்திருக்கக் கூடும். அதன் முன்பக்க அடியில் பழைய ரியூப் துண்டு ஒன்றை மடித்து வைத்து இறுக்கிப் பாருங்கள்.

இனி ஓலைக் காற்றாடி. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிகூட வராத ஊர் இது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்டோம். விளையாட்டுச் சாமான் எங்கே வரும்? கையில் இருந்தது ஓலையும் முள்ளும்தான். ஓலை இதழின் நடுவில் முள்ளைக் குத்தி, பப்பாசி இலைக் காம்பில் செருகிக்கொண்டு ஒழுங்கை நீளத்துக்கு ஓடுவோம். அந்தக் காற்றாடி ஓட்டத்துக்குப் போதும். சைக்கிளில் பூட்ட முள் தாங்காது, அச்சை மாற்றவேண்டும்.

காற்றாடி நின்றுபோனால் எல்லோரும் இதழைத்தான் பார்க்கிறார்கள். இன்னும் பெரிதாக வெட்டுவார்கள், இன்னும் முறுக்குவார்கள். கோளாறு அநேகமாக அச்சின் பின்பக்கத்தில் இருக்கும். வண்டி முன்னுக்குப் போகும்போது காற்று காற்றாடியைச் சுற்றுவதோடு நிற்பதில்லை, அதைப் பின்னுக்கும் தள்ளுகிறது. அதனால் காற்றாடியின் முதுகு தன்னைத் தாங்கும் தடியிலோ கம்பியிலோ அழுந்தி உரசிக்கொண்டே இருக்கும். வேகம் கூடக் கூட அந்த உரசலும் கூடும். கடையில் விற்பவற்றில் முன்பக்கம் அழகுக்கு ஒரு குமிழ் இருக்கும், பின்பக்கம் ஒன்றுமே இருக்காது. நீங்கள் செய்யும்போது பின்பக்கத்துக்கு ஒரு வழவழப்பான பாசிமணி போடுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள்.

அச்சுக்கு நான் எடுப்பது சைக்கிள் ஸ்போக் கம்பி. சாதாரண ஸ்போக் 2 மில்லிமீற்றர் கனம், ஒரு முனையில் மரை இருக்கும், அதற்கேற்ற நிப்பிள் என்ற சின்ன நட்டும் கூடவே வரும். உப்புக் காற்றுக்குத் துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்போக் கிடைத்தால் இன்னும் நல்லது. மரை உள்ள முனை முன்னுக்கு இருக்கட்டும். முதலில் பழைய வால்வுக்குப் போடும் சின்ன றப்பர் குழாயில் ஒரு துண்டை ஸ்போக்கில் இறுக்கமாக ஏற்றுங்கள். காற்றாடி பின்னுக்கு நகராமல் அது தடுக்கும். அதன்மேல் பாசிமணி. பிறகு காற்றாடி, அதன் நடுத் துளைக்குள் ஸ்போக் தாராளமாக நுழையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை ஒட்டிவிடுங்கள், ஓலை நேரே கம்பியில் உரசினால் துளை பெருத்துவிடும். முன்பக்கம் இன்னொரு மணி, கடைசியில் நிப்பிள். நிப்பிளை முழுக்க இறுக்கவேண்டாம், கடதாசி ஒன்று நுழையும் இடைவெளி இருக்கட்டும். சரிபார்த்த பிறகு மரையில் ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) விட்டால் அது கழன்று வராது.

ஓலையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். முற்றிய ஓலை காய்ந்தால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். வெயிலில் காயவைத்த குருத்தோலைதான் சரி. பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி இழைக்கிற அம்மாமார் அயலில் யாராவது இருந்தால் ஒரு பிடி ஓலை கேளுங்கள், தருவார்கள். ஈர்க்கை நீக்கி, இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாணுக்குக் குறைவான நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, குறுக்கே குறுக்கே வைத்து நடுவில் நூலால் தையுங்கள். மஞ்சள் போட்ட கொதிநீரில் கொஞ்ச நேரம் அவித்தால் ஓலை இளகிச் சொன்னபடி கேட்கும். அந்தக் காலத்தில் ஏட்டுச் சுவடிக்கும் ஓலையை அவித்துக் காயவைத்துத்தான் பதப்படுத்தினார்கள். இளகியிருக்கும்போதே நான்கு இதழையும் ஒரே பக்கமாக முறுக்கி, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் பிடித்து, நிழலில் காயவிடுங்கள்.

எந்தப் பக்கம் முறுக்குவது? காற்றாடியை முகத்துக்கு நேரே பிடியுங்கள். மேலே நிற்கும் இதழின் வலது விளிம்பு உங்களை நோக்கி வரட்டும். அடுத்த இதழைத் திருப்பி மேலே கொண்டுவந்து அதையும் அப்படியே செய்யுங்கள். இப்படி முறுக்கினால் முன்னால் இருந்து பார்க்கும்போது மணிக்கூட்டு முள் போகும் பக்கமாகச் சுற்றும். அந்தப் பக்கம் சுற்றினால், குலுக்கத்தில் முன் மணி நிப்பிளில் பட்டாலும் அதை இறுக்குமே தவிரக் கழற்றாது.

காற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். மெதுவாகச் சைக்கிள் ஓடினால் மணிக்கு 15 கிலோமீற்றர் என்று வைப்போம். காற்றே இல்லாத நாளில் காற்றாடிக்கு அந்த 15தான் கிடைக்கும். சோளகம் அடிக்கும் மாதத்தில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை, தென்மேற்குக் காற்று நேர் எதிரே வரும். அதுவும் 15 என்றால் காற்றாடிக்கு 30 கிடைக்கிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதனால் இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு தள்ளல். இதழ் கண்ணுக்குத் தெரியாது, ஒரு வட்டம் மட்டும் தெரியும். அதே பாலத்தால் திரும்பி வரும்போது காற்று முதுகில் அடிக்கும், அதே வேகத்தில் நீங்களும் வருவீர்கள், காற்றாடி அசையாமல் நிற்கும். “மாமா, இது பழுதாப் போச்சோ?” என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் கடைக்கு வருவது இதனால்தான். பழுது இல்லை. வடகிழக்கிலிருந்து வரும் வாடை தொடங்கினால் எல்லாம் மறுபக்கம், போகும்போது நிற்கும், வரும்போது சுற்றும். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தானே பார்த்துச் சொல்லத் தொடங்கிவிடும்.

பூட்டும் இடம் முக்கியம். முன் கூடை உள்ள சைக்கிள் என்றால் கூடையின் இடதுபக்க விளிம்பு நல்ல இடம். ஓட்டுகிறவரின் கண்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கும், விளக்கை மறைக்காது, வலப்பக்கத்தால் முந்திப் போகும் வாகனத்திலும் படாது. பிறேக் கேபிளுக்குக் கிட்டப் பூட்டாதீர்கள். முன்சில்லுக்கு மேலே, அவிழ்ந்தால் கம்பிக்குள் விழக்கூடிய இடத்தில், எந்தக் காரணத்துக்காகவும் பூட்டாதீர்கள். ஸ்போக்கின் பின்முனையைக் குறடால் வளைத்து மடித்து, ரியூப் துண்டால் சுற்றிக் கட்டுங்கள்.

அப்புறம் சின்னப்பிள்ளையை முன்னால் பாரில் ஆசனம் வைத்து ஏற்றிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கம்பி அச்சு உள்ள எதையும் வைக்கவேண்டாம். திடீரென்று பிறேக் பிடித்தால் பிள்ளையின் தலை முன்னுக்குத்தான் போகும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோவில் வீதிக் கடைகளில் மினுங்கும் பிளாஸ்டிக் காற்றாடி வாங்கி, வீட்டுக்குப் போகும் வழியில் ஹான்டிலில் செருகிவிடுகிறார்கள். அந்தத் தடியின் முனை எங்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஒருதரம் பாருங்கள். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, பின்னால் இருக்கும் அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள்.

சத்தம் வேண்டுமென்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏற்றும் பட்டங்களில் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் விண் கூவுவதைக் கேட்ட பிள்ளைகள் அல்லவா! ஒரு விரல் நீள ஈர்க்கை அச்சுக்குப் பக்கத்தில் கட்டி, அதன் நுனி இதழில் மட்டுமட்டாகத் தொடும்படி விட்டால் கிர்ரென்று கத்தும். ஆனால் அந்தச் சத்தம் காற்றாடியின் பலத்தைத் தின்றுதான் வரும். மெதுவாகப் போனால் சுற்றவே மாட்டாது. சோளகத்தில் வையுங்கள், காற்றில்லாத நாளில் கழற்றிவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால் சைக்கிளைவிட நான்கு மடங்கு வேகம், அதனால் காற்றாடியில் விழும் அழுத்தம் 16 மடங்கு. கேரதீவால் சங்குப்பிட்டிப் பாலம் ஏறிப் பூநகரிப் பக்கம் போகும்போது எதிர்க்காற்றும் சேர்ந்தால் அதைவிடக் கூடும். ஓலை கிழியும், தையல் அறும், பறந்து போவது பின்னால் வருகிறவரின் முகத்தில் படும். கட்டாயம் வேண்டுமென்றால் குறுக்களவு நான்கு அங்குலத்துக்கு மேல் போகாமல், இரண்டே இதழில், பிளாஸ்டிக் போத்தலின் வளைந்த பக்கத்தில் வெட்டிச் செய்யுங்கள். இதழ் கூடினால் மெல்லிய காற்றிலும் எழும்பிச் சுற்றும், சைக்கிளுக்கு அது நல்லது. மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் பஞ்சம் இல்லை, குறைந்த இதழே போதும். சோடாத் தகரத்தில் வெட்டுவதை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை, அது சுற்றும்போது கத்தி. உங்களுக்கு நான் சொல்வது, மோட்டார் சைக்கிளுக்குக் காற்றாடியே பூட்டாமல் விடுங்கள், மகளின் சைக்கிளோடு நிறுத்துங்கள்.

மழையில் ஓலையின் முறுக்கு இளகும். மாரி தொடங்கியதும் நிப்பிளைக் கழற்றி ஓலையை மட்டும் எடுத்து வையுங்கள், குறடால் திருகினால் கியூட்டெக்ஸ் விட்டுக்கொடுக்கும். ஸ்போக்கும் மணியும் அடுத்த வருடமும் உதவும். பழைய ஓலை நைந்துபோயிருந்தால் புதியதை உங்கள் மகளே வெட்டட்டும், ஓலைக்குக் கத்தரிக்கோல் போதும். நிறம் வேண்டுமென்றால், பெட்டி இழைக்கிறவர்கள் போடும் அதே சாயத்தை அவிக்கும் தண்ணீரிலேயே கலந்துவிடலாம்.