சிக்னல் இருக்கு, நெட் இல்ல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏழை நாடுகள்ல டவர் மட்டும் போட்டுட்டா எல்லாருக்கும் இன்டர்நெட் கிடைச்சுடும்தானே?

பதில்: அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனா மொபைல் கம்பெனிகளோட உலக சங்கமான ஜிஎஸ்எம்ஏ சொல்ற 2023 கடைசி கணக்குல, மொபைல் பிராட்பேண்ட் சிக்னலே எட்டாத ஜனங்க உலகத்துல சுமார் 4 சதவீதம்தான், சிக்னல் இருந்தும் நெட் யூஸ் பண்ணாதவங்க 39 சதவீதம் பக்கம். போன் வாங்க மொத்தமா காசு வேணும், அதை இன்னும் ஆடம்பரப் பொருளா நினைச்சு வரி போடுற அரசாங்கமும் இருக்கு, வீட்டுல ஒரே ஒரு ஸ்மார்ட்போன்னா அது காலைலயே வீட்டுக்காரர் பாக்கெட்ல ஏறிப் போயிடும், அப்புறம் அந்தம்மா எங்க நெட் பாக்குறது? பேசிக் டேட்டா செலவு சராசரி மாச வருமானத்துல 2 சதவீதத்துக்குள்ள வரணும்னு ஐ.நா. பிராட்பேண்ட் கமிஷன் 2025-க்கு இலக்கு வெச்சுது. நல்லதுதான், ஆனா சராசரின்னாலே பெரிய பணக்காரன் வருமானமும் அதுல கலந்துடுதே!

கேள்வி: எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்க்காத மலை கிராமங்க என்ன பண்றது?

பதில்: நேபாளத்துல மஹாபீர் புன்னு ஒரு வாத்தியார் பண்ணினதைப் பாருங்க. 2000-க்கு அப்புறம், மாவோயிஸ்ட் சண்டை நடந்துட்டிருந்த காலம், நாங்கிங்கிற தன்னோட மலை கிராமத்துக்கு சாதாரண வைஃபை சாமானை வெச்சே நெட் கொண்டு வந்தாரு. வீட்டுக்குள்ள நாலு சுவர் தாண்டாத அதே வைஃபைதான், ஆனா ஒரே திசைல பாயுற ஆன்டெனா மாட்டி, நடுவுல மறைப்பு இல்லாம எதிர் மலையைப் பார்த்து திருப்பி வெச்சா பல கிலோமீட்டர் போகும். ஆரம்பத்துல மரத்து மேலயே கட்டினாங்க, கரண்டுக்கு சோலார். 2007-ல மகசேசே விருது வந்துச்சு. ஆனா இப்படி கட்டுற நெட்வொர்க்ல கஷ்டமே அதுக்கப்புறம்தான், பேட்டரி செத்தா மாத்த, இடி விழுந்தா ரிப்பேர் பாக்க உள்ளூர்லயே ஒரு ஆளைப் பழக்கி சம்பளமும் குடுக்கணும், வெளில இருந்து உதவி பண்றவங்க சாமான் வாங்கித் தருவாங்க, சம்பளம் தர மாட்டாங்க.

கேள்வி: பலூன், சாட்டிலைட்னு சொல்றாங்களே?

பதில்: பலூன் கதை முடிஞ்சுது. வானத்துல பெரிய பலூனைப் பறக்க விட்டு அதுல இருந்து நெட் குடுத்த கூகுள் குழுமத்தோட லூன் கம்பெனி 2020 ஜூலைல கென்யாவுல சர்வீஸ் தொடங்குச்சு, 2021 ஜனவரில மூடுறோம்னு அறிவிச்சுட்டாங்க, செலவு கட்டுப்படியாகல. சாட்டிலைட் வழியா நெட் தர்ற ஸ்டார்லிங்க் 2023-ல நைஜீரியாவுக்கு வந்தாச்சு, ஆனா தனி ஒரு ஏழை வீடு அதோட சிக்னலைப் பிடிக்கிற டிஷ் வாங்குறது நடக்காத காரியம். பள்ளிக்கூடத்துல ஒண்ணு மாட்டி அங்கிருந்து ஊருக்கு வைஃபையா பிரிச்சா ஓரளவு கட்டுபடியாகும், அதுக்கு அந்த நாட்டு லைசென்ஸ் விதி இடம் குடுக்குதான்னு முதல்ல பாத்துக்கணும்.