மோதிரம் ஏன் கழலவில்லை?

கேள்வி: வயது 29. முதல் பிரசவம், இப்போது 30 வாரம். பெரம்பூரில் இருக்கிறோம். தினமும் மாலை அரை மணி நேரம் நடப்பேன். நடந்தால் குழந்தைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்று மாமியார் நிறுத்திவிட்டார். அதுவரை மொத்தமே 7 கிலோதான் ஏறியிருந்தது. இந்தப் பத்து நாளில் மட்டும் இரண்டரை கிலோ. சோப்புப் போட்டும் மோதிரம் கழலவில்லை. யூடியூபில் பார்த்துச் சோற்றை விட்டுவிட்டேன். அடிக்கடி தலைவலி, மாத்திரை போட்டுக்கொள்கிறேன். நடந்ததால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா டாக்டர்?

பதில்: நடந்ததால் ஒன்றும் ஆகவில்லை. குழந்தை உள்ளே புரளும்போது கொடி சுற்றிக்கொள்கிறது. நீங்கள் படுத்தே கிடந்தாலும் சுற்றும். நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் கழுத்தில் கொடியைப் பார்க்கிறோம். பெரும்பாலும் விரலால் தூக்கித் தலைவழியே எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

எனக்குக் கவலை அந்த மோதிரம்தான். இந்த மாதங்களில் வாரத்துக்கு அரை கிலோ ஏறுவது இயல்பு. பத்து நாளில் இரண்டரை கிலோ சோற்றால் ஏறாதம்மா, அது உடம்பில் தேங்கிய நீர். சாயங்காலம் கால் வீங்கி விடிந்ததும் வடிந்துவிட்டால் நான் கண்டுகொள்ள மாட்டேன். விரலும் முகமும் உப்பி, கூடவே தலைவலியும் என்றால் கர்ப்பகால ரத்த அழுத்தம் இல்லை என்று பார்த்து உறுதி செய்தாக வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு அது சத்தமில்லாமல் வரும். உங்களுக்குத் தலைவலி என்று ஒரு சத்தமாவது கொடுத்தது. அதையும் மாத்திரை போட்டு அடக்கிவிட்டீர்கள்.

இதைப் படித்த கையோடு உங்கள் டாக்டரிடமோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். பிரஷரும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 140/90-ஐத் தொட்டால் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே பிரசவ ஆஸ்பத்திரிக்கு. பார்வை மங்கினாலோ, கண் முன் பூச்சி பறந்தாலோ, நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ வலித்தாலோ, நடு ராத்திரியானாலும் 108. குழந்தையின் அசைவு குறைந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மெடிக்கலில் நீர் பிரிய மாத்திரை கேட்டு வாங்கவே கூடாது. பார்லித் தண்ணீரிலேயே ஐந்து நாள் ஓட்டிவிட்டு, பிரஷர் 170-ல் என்னிடம் வந்து சேர்ந்தவர் உண்டு.

பிரஷர் சரியாக இருந்து உங்கள் டாக்டரும் சரி என்றால், மறுபடி நடங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் வாரம் 150 நிமிடம் போதும். சென்னை வெயிலில் மட்டும் வேண்டாம். ரத்தமோ நீரோ கசிந்தால், வயிறு விட்டுவிட்டு இறுகினால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

சோற்றை இன்றே தொடங்குங்கள். இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டியதில்லை. கூடுதலாகத் தேவை சுமார் 350 கலோரி, அதாவது நாலு இட்லி, சாம்பார், ஒரு தம்ளர் பால். கருவுறும்போது உயரத்துக்கேற்ற எடை இருந்தவருக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம்.

மோதிரத்தை ஆஸ்பத்திரியிலேயே வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். கல்யாண மோதிரம் என்று தயங்க வேண்டாம், அப்புறம் ஆசாரியிடம் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.