பின் அட்டையில் முகவரி இல்லையென்றால் வடிவமைத்தவரா பொறுப்பு?

கேள்வி: கோவையில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். சென்னையில் ஒரு சிறிய இசை நிறுவனத்தின் நாட்டுப்புறப் பாடல் ஆல்பத்துக்குப் பின் அட்டை செய்து கொடுத்தேன். பேசிய தொகை 15,000 ரூபாய், முன்பணம் 5,000. எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியதுதான், ஒப்பந்தம் எழுதவில்லை. 500 சிடி அச்சாகி வந்தபின், "முகவரியும் வருடமும் இல்லை, சட்டப்படி தப்பு, மறு அச்சுச் செலவு 22,000 ரூபாயை நீங்கள்தான் தரணும்" என்கிறார்கள். மீதிப் பணமும் வரவில்லை. அட்டையின் அடியில் இருந்த என் பெயரையும் எடுத்துவிட்டார்கள். தவில் வாசித்தவர் பெயரையும் எடுக்கச் சொன்னார்கள். ஓப்பன் ஃபைலை (திருத்தக்கூடிய மூல ஃபைல்) வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாட்ஸ்அப் சாட், ப்ரூஃப் (அச்சுக்கு முந்தைய மாதிரி), அச்சான அட்டை, சிடியின் போட்டோ எல்லாம் அனுப்பியிருக்கிறேன். ஆல்பத்தில் ஒரு பழைய சினிமாப் பாட்டை மறுபடி பாடியிருக்கிறார்கள், அவர்கள் அனுப்பிய அந்தப் படத்தின் ஸ்டில்லையும் பின்னால் வைத்தேன். என் மேல் வழக்கு வருமா?

பதில்: முதலில் அந்த 22,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். "சரி, பாதி நான் போட்டுக்கொள்கிறேன்" என்று சமாதானத்துக்காகக்கூட வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிடாதீர்கள், நாளைக்கு அந்த ஒரு வரியைத்தான் கோர்ட்டில் காட்டுவார்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு, ஒலிப்பதிவை வெளியிடும்போது மூன்று விவரங்கள் இருந்தே ஆக வேண்டும் என்கிறது: பதிவைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், பதிப்புரிமை யாருக்கோ அவர் பெயரும் முகவரியும், முதலில் வெளியான வருடம். மீறினால் 68ஏ பிரிவில் மூன்று வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு, அதனால் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிரிவு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று பாருங்கள். விவரம் இல்லாமல் யாரும் "வெளியிடக் கூடாது" என்கிறது. வெளியிட்டது நிறுவனம். நீங்கள் அட்டை வரைந்தவர், வெளியீட்டாளர் இல்லை.

இன்னொன்றையும் அவர்கள் கவனிக்கவில்லை. இந்த விவரங்கள் உறையில் மட்டும் இருந்தால் போதாது, ஒலிப்பதிவின் மேலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம், அதாவது சிடி வட்டிலும் வர வேண்டும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் வட்டின் மேல் ஆல்பத்தின் பெயரும் ஒரு பூ படமும்தான் இருக்கின்றன. வட்டை நீங்கள் வடிவமைக்கவில்லை. அப்படியென்றால் அந்த மூன்று விவரங்களையும் நிறுவனமே எங்கேயும் யோசிக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறதே!

உங்கள் வாட்ஸ்அப்பை வரிவரியாகப் படித்தேன். பாட்டுப் பட்டியல், பாடகர் பெயர்கள், பார்கோடு எல்லாம் அவர்கள் அனுப்பியவை. முகவரி அனுப்பவே இல்லை. நீங்கள் "அடியில் வேறு ஏதாவது வரணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு "இல்ல, ஓகே, பிரிண்ட்டுக்குப் போகலாம்" என்று பதில் வந்திருக்கிறது. உங்கள் வழக்கின் உயிரே அந்தப் பதில்தான். சட்ட வாசகங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் எங்கேயும் ஏற்கவில்லை, ப்ரூஃபைப் பார்த்து அவர்கள் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். இதற்கு மேல் நஷ்ட ஈடு கேட்க அவர்களுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 500 பிரதிகளையும் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. விவரங்களை ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து உறையிலும் வட்டிலும் ஒட்டினாலே 52ஏ சொல்வது நிறைவேறிவிடும் என்பது என் கருத்து, அதற்கு 22,000 ஆகாது.

அடுத்து உங்கள் பெயர். இதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். ப்ரூஃபையும் அச்சான அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் கையால் வரைந்த பனைமரத்தின் அடியில், மணல் நிறப் பட்டையில் பொடி எழுத்தில் உங்கள் பெயர் இருந்தது. அச்சில் அந்த இடத்தில் நிறம் லேசாக வெளுத்திருக்கிறது, ஒரு துண்டை வெட்டி மேலே ஒட்டியது போல. அதாவது நீங்கள் கொடுத்த பிறகு ஃபைலில் கை வைத்திருக்கிறார்கள். படைத்தவர் தன் படைப்புக்குத் தானே ஆசிரியர் என்று உரிமை கோரும் உரிமை 57-வது பிரிவில் இருக்கிறது, பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்த பிறகும் அது உங்களை விட்டுப் போகாது. டெல்லி விக்யான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தை அரசு பிரித்தெடுத்துச் சிதைத்ததற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதோடு 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் போட்டது. உங்களுடையது அவ்வளவு பெரிய கேஸ் இல்லைதான், ஆனால் அவர் நம்பிப் போனதும் இதே 57-வது பிரிவைத்தான். அப்புறம், தவில் வாசித்தவர் பெயரையும் எடுக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் தவறு. 38பி பிரிவின்படி தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை கலைஞருக்கும் உண்டு. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அட்டை யாருக்குச் சொந்தம்? நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் இல்லை. உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு, அப்படி ஒரு தாளே இல்லை. ஆகவே அட்டையின் வடிவமைப்பு உங்களுடையது. ஒரு இடத்தில் மட்டும் அவர்கள் வாதாடலாம்: பணம் பேசி ஒருவர் சொல்லி வரைந்த ஓவியம், எடுத்த போட்டோ ஆகியவை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சொன்னவருக்கே சேரும் என்று 17-வது பிரிவில் இருக்கிறது, எனவே அந்தப் பனைமரம் எங்களுடையது என்பார்கள். அதில் கொஞ்சம் வலு இருக்கிறது, மறைக்க மாட்டேன். அச்சுக்கு என்று நீங்களே கொடுத்ததால் இந்த 500 சிடிக்கு அனுமதி தந்ததாகத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். நாளைக்கு அதே வடிவமைப்பை டீ-ஷர்ட்டிலோ போஸ்டரிலோ போட்டால் அது வேறு கதை.

உங்கள் பக்கம் பலவீனம் என்றால் அந்த ஸ்டில்தான். பாட்டை மறுபடி பாட 31சி பிரிவில் வழி இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே உரிமையாளருக்கு நோட்டீஸ் தர வேண்டும், பணம் கட்ட வேண்டும், அட்டையின் நகலைக்கூட முதலிலேயே காட்ட வேண்டும். இது கவர் வெர்ஷன் (ஏற்கெனவே வந்த பாட்டை மறுபடி பாடிய பதிவு) என்று அட்டையில் எழுத வேண்டும். முதலில் பாடியவர் பெயரோ உருவமோ, அந்தப் படத்தின் பெயரோ காட்சியோ அட்டையில் வரவே கூடாது. உங்கள் அட்டையில் படத்தின் ஸ்டில்லே இருக்கிறது! 31சி வழியில் போகாமல் உரிமையாளரிடம் நேரடியாக ஒப்பந்தம் போட்டிருந்தால், அதில் ஸ்டில்லுக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அட்டையில் வைத்தவர் என்ற முறையில் உங்களையும் வழக்கில் சேர்க்கலாம், "அவர்கள் அனுப்பினார்கள், நான் வைத்தேன்" என்பது முழுத் தப்பிப்பு ஆகாது. பதிப்புரிமையைத் தெரிந்தே மீறுவது 63-வது பிரிவில் குற்றம், அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத வகை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை, இன்றைக்கே எழுதிக் கேளுங்கள்: "ஸ்டில்லுக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த அட்டையை மேற்கொண்டு பயன்படுத்த வேண்டாம்." அந்த மெசேஜ் உங்களுக்குப் பாதுகாப்பு.

மீதி 10,000 ரூபாய்க்கு ஒரு வக்கீல் நோட்டீஸ், 15 நாள் கெடு, அதோடு பெயரைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். வேலை எடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) செய்திருந்தால் இன்னும் நல்லது. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் தராவிட்டால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், இந்தச் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்திலும் மனு போடலாம். பதிப்புரிமைக்காக வழக்குப் போட வேண்டி வந்தால் சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போட 62-வது பிரிவு இடம் தருகிறது. வாட்ஸ்அப் சாட் எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். சாட்சியமாக வைக்க பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவில் ஒரு சான்றிதழ் வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயார் செய்வார்.

சமாதானத்துக்கு வந்தால் ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்: எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்த நாடுகளுக்கு. வருடம் எழுதாவிட்டால் 5 வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் அந்த ஓப்பன் ஃபைலை, பணம் கணக்கில் விழுந்து, புது ப்ரூஃபில் பனைமரத்தடியில் உங்கள் பெயரைப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.