500 டாலருக்குள் முதல் காம்பவுண்ட் வில்: வேகத்தை விடுங்கள், அளவைப் பாருங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: கூட வேலை செய்கிறவர்கள் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறார்கள், நானும் இந்த வருடம் போகலாம் என்றிருக்கிறேன், கையில் 500 டாலர் இருக்கிறது, இணையத்தில் 70 பவுண்டு இழுவிசை, நொடிக்கு 340 அடி வேகம் என்று போட்டு 450 டாலருக்கு ஒரு காம்பவுண்ட் வில் (நுனிகளில் சக்கரம் வைத்த நவீன வில்) பார்த்தேன், வாங்கலாமா, இல்லை நண்பர் தன் பழைய வில்லை 200 டாலருக்குத் தருகிறேன் என்கிறாரே, அதையே எடுத்துக்கொள்ளவா?

முதல் கேள்விக்கு என் பதில், வேண்டாம். 450 டாலரை வில்லுக்கே கொடுத்துவிட்டால் அம்பு, பிராட்ஹெட் என்கிற வேட்டை முனை, நாணைப் பிடித்து விடும் ரிலீஸ், பழக ஒரு டார்கெட், இதெல்லாம் எதில் வாங்குவீர்கள்? இவற்றுக்கு எப்படியும் 150 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அதனால் வில்லுக்கான உங்கள் வரம்பு 350 டாலர்தான், அதுவும் சைட் (குறிபார்க்கும் கருவி), அம்பு ரெஸ்ட் (அம்பைத் தாங்குவது), குவிவர் (அம்புக்கூடு) எல்லாம் பூட்டியே வரும் 'ரெடி டு ஹன்ட்' செட்டாக இருக்க வேண்டும்.

அந்த 340 அடி கணக்குக்கு வருவோம். அது 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல டிரா லெங்த் (நாணைப் பின்னால் இழுக்கும் தூரம்), 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) எடையுள்ள லேசான அம்பு வைத்து அளந்தது. உங்களுக்கு 30 அங்குலம் வருமா? கைகள் இரண்டையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்தடி ஏழு அங்குல உயரமுள்ளவருக்கு 27 பக்கம்தான் வரும். டிரா லெங்த் ஒரு அங்குலம் குறைந்தால் நொடிக்குப் பத்து அடி வேகம் போகும், பவுண்டு குறைந்தால் இன்னும் போகும், வேட்டைக்கேற்ற கனமான அம்பு வைத்தால் இன்னும் கொஞ்சம் போகும். ஆக அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகம் உங்கள் கைக்கு வரவே போவதில்லை.

வரவேண்டிய தேவையும் இல்லை. 400 கிரெய்ன் அம்பு நொடிக்கு 230 அடியில் போனாலே 47 அடி-பவுண்டு ஆற்றல் கிடைக்கும், மானுக்கு 25 முதல் 41 வரை போதும் என்பது ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை. இருபது கெஜம், அதாவது அறுபது அடி தூரத்தில் நிற்கும் மானை நொடிக்கு 240 அடியில் போகும் அம்பு கால் நொடியில் தொடும். 280 அடி வேகமானால் அதைவிட 0.04 நொடிதான் முந்தும். நாண் அதிரும் சத்தமோ இரண்டுக்கும் முன்னால், 0.05 நொடியில் மானின் காதுக்குப் போய்விடும், வெள்ளைவால் மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும்போதுதான் நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் பட்டு, விலங்கு நாள் கணக்கில் துடிக்கும்படி ஆகிறது. அதனால் வேகமான வில்லைவிடச் சத்தமில்லாத, நீங்கள் ஆடாமல் பிடிக்கக்கூடிய வில்தான் மானுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

டிரா லெங்த் பொருந்துவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். அது அரை அங்குலம் நீண்டிருந்தாலே தலை பின்னால் சாயும், நாண் முன்கையில் அடிக்கும், என்ன பழகினாலும் அம்பு ஒரே இடத்தில் விழாது.

இழுவிசையைப் பொறுத்தவரை பென்சில்வேனியாவில் மானுக்குக் குறைந்தது 35 பவுண்டு வேண்டும் என்பது சட்டம். நான் 50 சொல்வேன், உடம்பு இடம் கொடுத்தால் 55. கடையில் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து, வில்லைக் குறிக்கு நேராக நீட்டி, அதை மேலே தூக்காமல், இடுப்பை முறுக்காமல், மெதுவாக முழுதும் இழுங்கள். முடியவில்லை என்றால் பவுண்டைக் குறைக்கச் சொல்லுங்கள். நவம்பர் குளிரில் மூன்று மணி நேரம் மரத்தின் மேல் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, தடித்த ஜாக்கெட்டோடு இதைத்தான் செய்யப்போகிறீர்கள், அப்போது கை திமிறினால் மான் பார்த்துவிடும். முழுதும் இழுத்தபின் கவலையில்லை, 80 சதவீத லெட்-ஆஃப் (முழுதும் இழுத்ததும் குறையும் இழுவிசை) உள்ள வில்லில் 50 பவுண்டு இழுத்தவர் கையில் 10 பவுண்டுதான் நிற்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அம்பு இல்லாமல் நாணை விட்டுவிடவே கூடாது, ஒரே தடவையில் லிம்ப் (வில்லின் வளையும் கை) உடைந்து முகத்தில் அடிக்கலாம்.

எந்த வில் என்று கேட்டால், டைமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ, பேர் க்ரூசர் ஜி3, இந்த ரகத்தில் தேடுங்கள். முதலாவது 5 முதல் 70 பவுண்டு, 13 முதல் 31 அங்குலம் வரை மாற்றக்கூடியது, இரண்டாவதும் ஏறக்குறைய அப்படித்தான். 45 பவுண்டில் தொடங்கிப் பழகப் பழக ஏற்றிக்கொள்ளலாம், அதற்காக வேறு கேம் (நுனியில் இருக்கும் அந்தச் சக்கரம்) வாங்க வேண்டியதில்லை. சிலர் இதைக் குழந்தைகள் வில் என்பார்கள், காதில் வாங்காதீர்கள். அம்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்: இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெய்ன் எடை இருக்க வேண்டும், அதற்கும் லேசானது வில்லையே கெடுக்கும். அம்பின் விறைப்பைச் சொல்லும் ஸ்பைன் எண்ணும் உங்கள் இழுவிசைக்குப் பொருந்த வேண்டும், எண் குறையக் குறைய விறைப்பு கூடும், கடைக்காரரிடம் அட்டவணை இருக்கும்.

சரி, நண்பரின் பழைய வில். அவர் உங்களைவிட உயரமானவரா? பழைய வில்கள் பலவற்றில் டிரா லெங்த்தை மாற்ற வேறு மாட்யூலோ (கேமில் பூட்டும் சின்னத் துண்டு) வேறு கேமோ வேண்டும், அது இப்போது கிடைக்காமலும் போகலாம். கிடைக்கும் என்றால் ஒரு பஞ்சு உருண்டையை லிம்ப் இரண்டிலும் மேலிருந்து கீழாக, ஓரங்களில் மெதுவாகத் தடவிப் பாருங்கள், நார் எங்கேயாவது சிக்கினால் அங்கே விரிசல், வாங்காதீர்கள். நாண் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் புது நாணும் கேபிளும் போட 100 டாலருக்கு மேல் ஆகலாம், அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். இதிலெல்லாம் தேறிவிட்டால் 200 டாலர் நல்ல விலைதான், தாராளமாக எடுங்கள்.

இன்னொன்று, வலது கையா இடது கையா என்று முடிவு செய்யும் முன் கண்ணைச் சோதியுங்கள். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணால் பார்க்கும்போது பொருள் மறையவில்லையோ அதுதான் உங்கள் ஆதிக்கக் கண், புதிதாகப் பழகுகிறவர் அந்தப் பக்கத்து வில்லை எடுப்பதே நல்லது.

முதல் தடவை லைசென்ஸ் எடுப்பதால் மாநிலத்தின் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும், வில்லுக்குத் தனி ஆர்ச்சரி லைசென்ஸும் உண்டு. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் வில் பருவம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும், அதனால் ஜூன் மாதத்துக்குள் வில் கைக்கு வந்துவிட வேண்டும். கடைசி இரண்டு வாரம் பழகும் முனையை விட்டு வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே பிராட்ஹெட்டை மாட்டி எய்து பாருங்கள், எடை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் படும் என்று சொல்ல முடியாது. அந்த வித்தியாசத்தைச் சைட்டில் சரிசெய்த பிறகும் இருபது கெஜத்தில் உங்கள் அம்புகள் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் விழவில்லை என்றால், இந்தப் பருவத்தை விட்டுவிட்டு அடுத்த வருடம் போங்கள்.